முதல் மொட்டைக் கிள்ள வேண்டும்

பூ நாற்று விற்கிற அந்தத் தெருவில் எட்டுப் பண்ணைகள் உண்டு. கிள்ளுக்காரர் பண்ணை எது என்று கேட்டால் மட்டும் போகிறவர் வருகிறவர் எல்லோரும் கையை நீட்டி வழி காட்டுவார்கள். பெற்றவர்கள் பெயர் வைக்காமலா இருந்திருப்பார்கள்? வைத்தார்கள்தான். முப்பது வருஷமாக அதைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை, அவ்வளவுதான். கோடைப் பாத்திக்கு நாற்று வாங்க வருகிறவர்களிடம் அந்த மனிதர் பாடுவது ஒரே பாட்டு. "முதல் மொட்டக் கிள்ளிப் போடுங்க. பாவம் பாக்காதீங்க. முதல் மொட்டுக்கு ஆசப்பட்டா பதினஞ்சே நாள்ல தோட்டம் குச்சியா நிக்கும்."

அவர் சொல்வது சரிதான். தலையைக் கிள்ளினால் செடி பக்கத்தில் கிளை விட்டுப் புதர் கட்டும். பூக்க மூன்று வாரம் தள்ளிப் போனாலும், பிறகு கோடை முடிகிற வரைக்கும் ஓயாது. அதற்காக, ஆசையாகத் தொட்டியைக் கையில் ஏந்தி நிற்கிற ஆளின் கண் முன்னாலேயே விரிந்த பூவைக் கிள்ளி எறிந்துவிட்டு, "ம், இப்ப எடுத்துட்டுப் போங்க" என்று சொன்னால் கோபம் வருமா வராதா? சண்டை போட்டவர்கள் உண்டு. அடுத்த வருஷம் அவர்களேதான் முதல் ஆளாக வந்து நிற்பார்கள்.

அந்தக் கிள்ளுக்காரர் இப்போது முன்னறையில் ஜன்னலோரம் கட்டிலே கதியென்று கிடந்தார். அது முன்பு விதை வைக்கிற அறை. வெளிச்சம் வரும், காற்று வரும் என்று அவர் மனைவிதான் கட்டிலை அங்கே இழுத்துப் போட்டாள். சுவர் அலமாரியில் விதைப் பொட்டலங்களுக்குப் பக்கத்தில் மாத்திரைப் பட்டைகள் வந்து உட்கார்ந்துகொண்டன. குளிர் முடிகிற சமயத்தில் வெறும் இருமல் என்றுதான் படுத்தார். இருமல் நின்றது, சாப்பாடும் நின்றது, உடம்பு பாதியானது.

படுத்த முதல் வாரத்திலேயே ஒரு நாள், "ஜன்னலுக்கு வெளிய என்ன இருக்கு?" என்று கேட்டார்.

"என்ன இருக்கும்? ஒடஞ்ச தொட்டிதான். இருபது வருஷமா நீங்க கொட்டினது."

"அத அள்ளிப் போட்டுட்டு அங்க ஒரு பாத்தி கட்டு. ஊருக்கெல்லாம் பாத்தி போட்டாச்சு. நமக்குன்னு ஒண்ணு போட்டதில்லையே."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தனக்கு என்று ஒரு பூவைக்கூட வைத்துக்கொள்ளாத மனிதர். ஆனாலும் ஒரு வாரம் தொட்டி ஓடுகளை அள்ளினாள். கை முழுக்கக் கீறல்.

அப்புறம் நிறம் தேர்ந்தெடுக்கிற வேலை. அதில் அவருக்கென்று ஒரு வழி இருந்தது. பக்கத்து வீட்டில் தையல் கடை வைத்திருக்கிறாளே அவருடைய தங்கை, அவளிடம் வெட்டுத்துணி ஒரு பை நிறைய வாங்கி வருவார். விதை நிறத்துக்கு ஒரு துண்டாகத் தரையில் பரப்பி, தள்ளி நின்று பார்த்து, மாற்றி மாற்றி வைப்பார். காகிதத்தில் வரைகிறவர்களைக் கண்டால் அவருக்கு இளக்காரம். இந்தத் தடவை தரைக்குப் பதில் போர்வை. முட்டியை மடக்கி மேடாக்கிக்கொண்டு, போர்வை மேல் துணியைப் பரப்பினார்.

"பின்னால சிவப்பு சால்வியா. உசரமா நிக்கும். அதுக்கு முன்னால ஊதா பெட்டூனியா, பக்கத்துல இளஞ்சிவப்பு. ஓரம் பூரா வெள்ள. பொழுது சாஞ்சப்புறமும் வெள்ளதான் கண்ணுக்குத் தெரியும்."

"ஆரஞ்சு?" என்றாள் மனைவி.

"எதுக்கு?"

"செண்டுப்பூ ஆரஞ்சு. எனக்குப் பிடிக்கும்."

"ரோடு போடறவங்க சட்ட நிறம். கண்ணக் குத்தும்."

"குத்தட்டும். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்துல ஒரு ஆரஞ்சு வைக்க விட்டிருக்கீங்களா என்னை? வாங்கறவங்களுக்குக் காட்டற தோட்டத்துல வச்சா, 'எடு அத'ன்னு ஒரு அதட்டல்."

தையல்காரத் தங்கை கழுத்தில் அளவு நாடாவோடு வாசலில் நின்று சிரித்தாள். "அண்ணே, பாவம் அண்ணி. வச்சுட்டுப் போகட்டும் விடு. கண்ணக் குத்தினா நீ அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கோ."

அவர் ரொம்ப நேரம் யோசித்தார். பெரிய சமாதான ஒப்பந்தம் பாருங்கள். "ஆறு செடி. வலது மூலையில. அதுக்கு மேல ஒண்ணு கேக்கக் கூடாது."

"பெரிய மனசுதான் உங்களுக்கு," என்று அவள் ஆரஞ்சுத் துணி ஒன்றைக் கிழித்து மூலையில் வைத்தாள்.

விதைத்தாள். பெட்டூனியா விதை தூசி மாதிரி இருக்கும், தும்மினால் போச்சு. சலித்த மணலோடு கலந்து தட்டில் தூவி, மண் போட்டு மூடாமல், கைத்தெளிப்பானால் மூச்சு விடுகிற அளவுக்கு மட்டும் ஈரம் காட்டினாள். முளைத்ததும் சீவிய குச்சியால் ஒவ்வொன்றாக நெம்பிக் குழித்தட்டில் மாற்றினாள். அப்புறம் வெயில் பழக்க வேண்டும். காலையில் ஒரு மணி நேரம் வெளியே, உடனே உள்ளே. மறுநாள் இரண்டு மணி நேரம். ஒரு பக்கம் விற்பனைக்கான நாற்று, ஒரு பக்கம் இந்த நாற்று, நடுவில் அவருக்குக் கஞ்சி, மாத்திரை, துணி மாற்றுவது. ஓட்டமான ஓட்டம். மாலையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கிறபோது முட்டி சத்தம் போடும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கட்டிலிலிருந்து அவர், "கதவுக்கு எண்ணெ போடு" என்பார். அப்போது இன்னும் கேலி பேச அவருக்குத் தெம்பு இருந்தது.

பாத்தியில் நட்ட அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். நகத்தில் மண்ணோடு போய் நின்றாள். டாக்டர் நடைபாதையிலேயே நிறுத்திச் சொன்னார். பரவிவிட்டது. இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான். மூன்று வாரம், நாலு என்றால் அதிகம்.

"அவருகிட்ட சொல்லிடாதீங்க," என்றாள். அதைத் தவிர வேறு என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. திரும்பி வருகிற பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், "இறங்கலையா?" என்று தோளைத் தட்டினபோதுதான் தன் நிறுத்தம் தாண்டிப் போனது தெரிந்தது.

நடந்து வந்தாள். நடக்க நடக்கத்தான் இன்னொரு விஷயம் அவளுக்கு உறைத்தது. ஒரு வாரத்தில் மொட்டு வரும். அப்படியே விட்டால் அதற்கடுத்த வாரம் பூத்துவிடும், அவர் பார்ப்பார். கிள்ளினால் பூக்க அதற்கப்புறம் மூன்று வாரம். அதற்குள் கட்டில் காலியாகிவிடும்.

சரி, கிள்ளாமல் விட வேண்டியதுதானே என்று நீங்கள் சொல்வீர்கள். தையல்காரியும் அதைத்தான் சொன்னாள். விஷயத்தைக் கேட்டுத் தைத்துக்கொண்டிருந்த துணி மேலேயே தலையைக் கவிழ்த்து அழுதுவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"கிள்ளாதீங்க அண்ணி. பூக்கட்டும். கண்ணாரப் பாத்துட்டுப் போகட்டும்."

"கிள்ளாம விட்டா ஏன்னு கேப்பாரு."

"வாயில வர்றத சொல்லுங்க."

"யாருகிட்ட? உங்கண்ணன்கிட்டயா? முப்பது வருஷமா கிள்ளு கிள்ளுன்னு உயிர எடுத்த மனுஷன். அவரு சொந்தப் பாத்தியில கிள்ளாம விட்டா, அதுக்கு என்ன அர்த்தம்? நீங்க அவ்வளவு நாள் இருக்க மாட்டீங்கன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றதுதான். இதுக்கு நான் டாக்டரையே சொல்ல விட்டிருக்கலாமே?"

"அப்ப கிள்ளிடுங்க."

"கிள்ளினா பாக்காமப் போயிடுவாரேடி!"

தையல்காரி மெஷின் சக்கரத்தைச் சும்மா முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டிருந்தாள்.

மொட்டு வந்தது. சொன்ன நாளில் வராமல் இரண்டு நாள் முந்திக்கொண்டு வந்தது, அதுவும் ஒரு வயிற்றெரிச்சல். விடிந்ததும் பாத்தியில் குந்தினாள். பழகின கை, கேட்காமலேயே போய் மொட்டின் கழுத்தைப் பிடித்துவிட்டது. கட்டை விரல் நகம் அழுந்துகிற நேரத்தில் அவள் தன் கையைத் தானே பட்டென்று அடித்தாள்.

உள்ளேயிருந்து குரல். "மொட்டு வந்துடுச்சா?"

அவர் படுத்திருக்கிற உயரத்துக்கு, தலையணை இரண்டு வைத்தால் செடியின் பச்சை மட்டும் ஜன்னல் விளிம்புக்கு மேல் தெரியும். அவ்வளவு சின்ன மொட்டு தெரியாது.

"இன்னும் இல்ல."

"இல்லையா? நாள் ஆச்சே. எரு ஜாஸ்தி போட்டியா?"

"போட்டிருப்பேன்."

மறுநாளும் கேட்டார். இல்லை என்றாள். அதற்கு மறுநாள் வலி அதிகமாகி மத்தியானம் வரை கண்ணைத் திறக்கவில்லை. திறந்ததும் அதையே கேட்டார். மருந்துக் குழப்பத்தில் தன் வயதை மறந்த மனிதருக்கு மொட்டு மட்டும் மறக்கவில்லை. அவளுக்கு ஓங்கி ஒரு அறை விடலாமா என்றிருந்தது. வெளியே மொட்டுகள் நாளுக்கு நாள் பருத்துக்கொண்டிருந்தன. இன்னும் நாலைந்து நாள். அதற்குள் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிட்டால், பூத்த பிறகு திட்டட்டும், அடிக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தாள். அவர் எழுந்து அடிப்பார் என்றால் அவள் முதுகைக் காட்டிக்கொண்டே நிற்பாள்.

ஐந்தாவது நாள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "வந்துடுச்சு. மறைக்கற," என்றார்.

"நேத்து சாயங்காலம்தான் வந்துச்சு. இன்னைக்குக் காலையில கிள்ளிட்டேன்."

"தட்டு எங்க?"

இதை எப்படி மறந்தாள்? கிள்ளுகிற வேலைக்கு ஆள் வைத்தால் அவர் கூலியாட்களை நம்ப மாட்டார். கிள்ளின மொட்டைத் தட்டில் போட்டுக் கொண்டுவந்து காட்டினால்தான் கிள்ளினதாகக் கணக்கு. மனைவிக்கும் அதே சட்டம்தான்.

"எரு குழியில கொட்டிட்டேன்."

"காட்டாம கொட்ட மாட்டியே நீ. போய் எடுத்துட்டு வா."

வெளியே வந்தாள். கொதிக்கிற வெயில். எரு குழிப் பக்கம் போவது போலப் போய், வளைந்து, நிழல்வலைக் கொட்டகைக்குள் நுழைந்தாள். அங்கே விற்பனை நாற்றுகள் வரிசையாக நின்றன. இரண்டு குழித்தட்டு நாற்றுகளின் மொட்டைக் கிள்ளித் தட்டில் போட்டாள். சிவப்பு, ஊதா, வெள்ளை எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். இருபத்தெட்டு வருஷம் அந்த ஆளோடு வேலை செய்தவள் செய்கிற தப்பா இது? பதற்றத்தில் செய்தாள்.

அவள் நீட்டின தட்டிலிருந்து அவர் ஒரு மொட்டை எடுத்து விரலில் உருட்டினார். இன்னொன்றை எடுத்தார். காம்பைத் தடவிப் பார்த்தார்.

"காம்பு நீளம். வெளுத்துக் கெடக்கு," என்றார். "இது நிழல்ல வளந்த மொட்டு. நம்ம பாத்தி நாள் பூரா வெயில் வாங்குது."

அவள் தட்டைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினாள்.

"நீ கிள்ளல."

அவர் தட்டைப் போர்வை மேல் மெதுவாக வைத்தார்.

"டாக்டர் எத்தன நாள் சொன்னாரு?"

"எந்த டாக்டர்? யாரு என்ன சொன்னாங்க? சும்மா எதையாவது..."

"ஏம்மா, ஒனக்குப் பொய் சொல்ல வராது. சொல்லு."

அவளுக்குள் எதுவோ பிய்த்துக்கொண்டு வந்தது. "மூணு வாரம்! அதுல பத்து நாள் போயிடுச்சு. போதுமா? இப்ப சந்தோஷமா உங்களுக்கு? பேசாம படுத்துக் கெடந்து, பூத்தப்புறம் பாத்துட்டு, நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்? மொட்டாம், தட்டாம், காம்பாம்! ஒரு பொய்யக்கூட என்னைச் சொல்ல விட மாட்டீங்களா?"

கத்திவிட்டுக் கட்டில் காலடியில் அப்படியே உட்கார்ந்தாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணிலிருந்து வழிந்தது காதுக்குள் போனது. துடைக்கக் கையைத் தூக்கினார், கை பாதியில் விழுந்துவிட்டது. அவள்தான் துடைத்தாள்.

"தெரியும்னுதான் நெனச்சேன்," என்றார். "ஆனா காதால கேட்டா பயமா இருக்குடி."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு."

"ரொம்ப பயமா இருக்கு."

அவள் மண் ஒட்டின கையை அவர் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில் பலமே இல்லை. தொட்டி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடின கை அது. தெருவில் யாரோ நாற்று கேட்டுக் குரல் கொடுத்தார்கள். தையல்காரி வெளியே வந்து ஏதோ சொல்லி அனுப்பிவிட்டாள்.

"கிள்ளிடு," என்றார்.

"மாட்டேன்."

"கிள்ளலன்னா பதினஞ்சு நாள்ல முடிஞ்சு போயிடும்."

"முடியட்டும். நீங்க பாத்தா போதும்."

"நான் துணியில பாத்தாச்சு. இந்த ஜன்னல் வழியா இனிமே பாக்கப் போறது நீதான். நான் போன கையோட பாத்தியும் குச்சியா நின்னா, நீ எத வச்சுக்கிட்டு இங்க உக்காந்திருப்ப?"

"எனக்கு ஒரு மண்ணும் வேணாம்."

"வேணும். கோட முடியற வரைக்குமாவது வேணும். அப்புறம் ஒம் பாடு." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "கிள்ளுக்காரன் வீட்டுப் பாத்திய கிள்ளாம விட்டாங்கன்னு எட்டுப் பண்ணக்காரனும் சிரிப்பான். சாகறப்ப எனக்கு அந்தப் பேரு வேற வேணுமா? போம்மா. வெயில் ஏறுது."

போனாள். என்ன செய்வாள்? அவர் வார்த்தையை மீறி அந்தப் பூக்களைப் பூக்க விட்டு, அதை அவர் பார்த்துக்கொண்டே கிடக்க வேண்டுமா? பின் வரிசை சால்வியாவிலிருந்து ஆரம்பித்தாள். கிள்ளினாள். ஊதா. இளஞ்சிவப்பு. அழுதுகொண்டே, திட்டிக்கொண்டே, ஒவ்வொரு மொட்டாக மடியில் போட்டாள். வழக்கமாகக் கிள்ளுகிற மொட்டு பச்சைக் குருணையாக இருக்கும். இவள் ஐந்து நாள் பொய் சொல்லி வளர்த்த மொட்டுகள் தடித்துப் போய் நுனியில் நிறம் காட்டின. வெள்ளை வரிசையையும் முடித்துக்கொண்டு வலது மூலைக்கு வந்தாள். குந்தினபடியே கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு எழுந்து உள்ளே போனாள்.

மடியைப் போர்வை மேல் கொட்டினாள். "இந்தாங்க. உங்க தட்டு."

அவர் ஒன்றை எடுத்துக் காம்பைப் பார்த்தார். "ம், குட்டைக் காம்பு. இதுதான் நம்ம மொட்டு." கட்டை விரல் நகத்தால் அதை நடுவில் கீறினார். உள்ளே சுருட்டி மடித்த ஊதா. அதைப் போர்வை மேல் வைத்தார். அடுத்ததைக் கீறினார். சிவப்பு. அதை ஊதாவுக்குப் பின்னால் வைத்தார். அவள் புரிந்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, தானும் கீறிக் கீறிக் கொடுத்தாள். அவர் கை ஓய்ந்தபோது, "அது இங்க. இல்ல, இன்னும் தள்ளி," என்று வாயால் சொன்னார். அவள் வைத்தாள். தையல்காரி கஞ்சிக் கிண்ணத்தோடு வாசல் வரை வந்தவள், உள்ளே நடப்பதைப் பார்த்துவிட்டு, கிண்ணத்தை நிலைப்படியிலேயே வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

வெயில் தாழ்கிற நேரத்துக்குப் போர்வை மேல் பாத்தி முடிந்திருந்தது. பின்னால் சிவப்பு, நடுவில் ஊதாவும் இளஞ்சிவப்பும், ஓரம் பூராவும் வெள்ளை. விரல் நுனியளவு மொட்டுகள், கீறின இடத்தில் நிறம் கசிந்து. அவர் தலையைச் சாய்த்து, எப்போதும் தள்ளி நின்று பார்ப்பது போலவே கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"வலது மூல காலியா இருக்கு," என்றார். "ஒன் ஆரஞ்சு எங்க?"

"கிள்ளல."

"ஏன்?"

"அந்த ஆறும் என் செடி. எனக்குன்னு குடுத்தீங்க. அத கிள்ளச் சொல்ல நீங்க யாரு?"

அவர் சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. அவள் முதுகைத் தடவினாள். இருமி முடித்து ரொம்ப நேரம் கழித்துக் கேட்டார்.

"நுனியில நெறம் வந்துடுச்சா?"

"நூல் மாதிரி."

"அப்ப நாலு நாள் ஆகும்."

"ஆகட்டும்."

"நாலு நாள்," என்றார் மறுபடியும், தனக்குத்தானே. அப்புறம், "இன்னொரு தலகாணி வை," என்றார்.

வைத்தாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, மூலை தெரிகிறதா என்று கேட்டாள். தெரிகிறது என்றார். நிஜமாகத் தெரிந்ததா, அவளுக்காகச் சொன்னாரா, அது அவருக்குத்தான் வெளிச்சம். கஞ்சியில் இரண்டு கரண்டி இறங்கியது. மூன்றாவதை வேண்டாம் என்றார்.

பொழுது சாய்கிற நேரத்தில் அவள் பூவாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து அந்த ஆறு செடிகளின் முன்னால் குந்தினாள். மண் ஈரமாகத்தான் இருந்தது. தண்ணீர் ஊற்றினால் மொட்டு முன்னாலேயே விரிந்துவிடாது. ஜாஸ்தி ஊற்றினால் வேர்தான் அழுகும். அது அந்தத் தெருவில் யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, ஒவ்வொரு செடிக்கும் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.